இளம் ஓட்டுநர், விலை உயர்ந்த சேதம்: பணம் யார் கொடுப்பது? முழுமையான வழிகாட்டி

திருச்சி தில்லை நகரில் ஒரு கல்யாண மண்டப வாசல். முகூர்த்தம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. எங்கள் தெருவைச் சேர்ந்த பத்தொன்பது வயதுப் பையன் அப்பாவின் காரைப் பின்னால் எடுக்கும்போது, அங்கே நின்றிருந்த வெளிநாட்டுக் காரின் முன்மூலையில் இடித்துவிட்டான். பார்வைக்குச் சேதம் சிறியது. பம்பரில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல், முகப்பு விளக்கின் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அவ்வளவுதான். சர்வீஸ் நிலையம் கொடுத்த மதிப்பீடு 4,80,000 ரூபாய்.

பையனிடம் முறையான உரிமம் இருந்தது. காருக்கு இன்ஷூரன்ஸ் நடப்பில் இருந்தது. அடுத்தவர் சொத்துக்கு நேரும் சேதத்துக்கு 7.5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பும் இருந்தது. அப்படியிருந்தும் தொகை முழுவதையும் அப்பாதான் கட்டினார். பந்தியிலிருந்து கைகூடக் கழுவாமல் ஓடிவந்தவர், ஒரு மொய்க் கவரின் பின்புறம் யாரோ எழுதி நீட்டிய இரண்டு வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டார்: “தவறு என் மகனுடையது. முழுச் செலவையும் நானே ஏற்கிறேன்.”

வாகன இன்ஷூரன்ஸ் கோரிக்கைகளோடு இருபது ஆண்டுகளாகப் பழகிவருகிறேன். இடித்ததால் ஏற்படும் இழப்பைவிட, இடித்த பதற்றத்தில் செய்யும் காரியங்களால் ஏற்படும் இழப்பு அதிகம் என்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அந்தப் பதற்றத்தில் என்ன செய்ய வேண்டும், அதற்கு முன்பே எதைச் சரிபார்த்து வைக்க வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தையும் தமிழ்நாட்டு நடைமுறையையும் வைத்து இங்கே எழுதுகிறேன்.

படி 1: சாவியைக் கொடுக்கும் முன் பாலிசியை எடுத்துப் படியுங்கள்

பாலிசியின் முதல் இரண்டு பக்கங்களில் உள்ள அட்டவணையைப் பாருங்கள். மூன்றாம் நபர், அதாவது அடுத்தவர், சொத்துச் சேதத்துக்கு என்ன வரம்பு என்று அதில் ஒரு வரி இருக்கும். வழக்கமாக, சொந்தப் பயன்பாட்டுக் காருக்கு 7.5 லட்சம், இருசக்கர வாகனத்துக்கு 1 லட்சம். ஆனால் சில பாலிசிகளில் இது வெறும் 6,000 ரூபாய் என்று இருக்கும். ‘ஐ.எம்.டி. 20’ என்ற குறிப்பு அட்டவணையில் இருந்தால் உங்கள் வரம்பு குறைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

இந்தக் குறைப்புக்காகக் கிடைக்கும் தள்ளுபடி காருக்கு 100 ரூபாய், இருசக்கர வாகனத்துக்கு 50 ரூபாய். நூறு ரூபாயை மிச்சப்படுத்தி ஏழு லட்சத்துக்கும் அதிகமான பாதுகாப்பைக் கைவிடுவது எவ்வளவு பெரிய இழப்பு! இணையத்தில் பாலிசி எடுக்கும்போது இந்தத் தெரிவு ஏதோ ஒரு மூலையில் இருக்கும். விலையைக் குறைக்கும் அவசரத்தில் அதை அழுத்திவிட்டவர்கள் உண்டு. உங்களுடையதில் இருந்தால் புதுப்பிக்கும்போது கட்டாயம் நீக்கச் சொல்லுங்கள். வீட்டில் இளம் ஓட்டுநர் இருந்தால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். மாற்றித் தர முடியுமா என்று இன்றே நிறுவனத்தைக் கேளுங்கள்.

பலர் கேட்கும் ஒரு சந்தேகம்: மகன் அல்லது மகள் பெயரைப் பாலிசியில் சேர்க்க வேண்டுமா? வேண்டாம். சில வெளிநாடுகளில் ஓட்டுபவர் பெயரைத் தனியாகச் சேர்த்து, இளையவர் என்றால் கூடுதல் பிரீமியமும் கட்ட வேண்டும். இங்கே உரிமையாளரின் அனுமதியோடு, செல்லுபடியாகும் உரிமம் வைத்திருக்கும் யார் ஓட்டினாலும் பாலிசி பொருந்தும். எனவே எல்லாப் பாரமும் உரிமம் என்ற ஒற்றை அட்டையின் மேல் விழுகிறது.

படி 2: வயதும் உரிமமும்

18 வயது முடிந்து, அந்த வகை வாகனத்துக்கான உரிமம் கையில் இருந்தால் சிக்கல் இல்லை. கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு மட்டும் உரிமம் வாங்கிவிட்டு கியர் பைக் ஓட்டினால் அது உரிமம் இல்லாமல் ஓட்டியதாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

எல்.எல்.ஆர். எனப்படும் பழகுநர் உரிமம் வைத்திருப்பவரையும் பாலிசி ஏற்கிறது. ஆனால் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 3ஆம் விதியை அவர் கடைப்பிடித்திருக்க வேண்டும். கார் என்றால், உரிமம் உள்ள ஒருவர் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ கூடிய இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு ‘எல்’ பலகை இருக்க வேண்டும். அப்பா பின் இருக்கையில் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டிருந்தார் என்றால் அது இந்த விதிக்குள் வராது. எல்.எல்.ஆர். ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். அந்தக் காலக்கெடு முடிந்தது தெரியாமல் ஓட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

16 வயது நிறைந்தவர்கள் 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியை உரிமம் பெற்று ஓட்டலாம் என்று சட்டம் சொல்வது உண்மை. ஆனால் நம் வீடுகளில் நிற்கும் ஸ்கூட்டர்கள் 110 அல்லது 125 சி.சி. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை டியூஷனுக்கு அதில் போவதற்கு எந்த உரிமமும் கிடைக்காது. அதேபோல, குட்டி யானை போன்ற வாடகை, சரக்கு வண்டிகளை ஓட்ட 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். கடை வைத்திருப்பவர்கள் பத்தொன்பது வயது மகனை லோடு இறக்க அனுப்பும் முன் இதைக் கவனிக்க வேண்டும்.

உரிமமும் பதிவும் தேவையில்லாத, 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓடும் மின் ஸ்கூட்டர்களில் இன்னொரு சங்கதி இருக்கிறது. அவற்றுக்குக் கட்டாய இன்ஷூரன்ஸ் கிடையாது. பிள்ளை அதை ஓட்டிக்கொண்டு போய் ஒரு கடையின் கண்ணாடி முகப்பை உடைத்தால், தனியாகப் பாலிசி எடுத்திருந்தாலன்றி முழுச் செலவும் வீட்டுப் பணம்தான்.

படி 3: இடித்த அந்த நிமிடம்

நிறுத்த வேண்டும். ஓடிவிடக் கூடாது. யாருக்கும் அடிபடாமல் சொத்து மட்டும் சேதமானாலும் வண்டியை நிறுத்தி, பெயரையும் முகவரியையும் சம்பந்தப்பட்டவரிடம் கொடுக்க வேண்டியது சட்டப்படி ஓட்டுநரின் கடமை. இளம் பிள்ளைகள் பயத்தில் செய்யும் முதல் தவறு தப்பிப்போவதுதான். மண்டபத்துக்கு மண்டபம், கடைக்குக் கடை கேமரா இருக்கும் காலத்தில் அது ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. சிவில் விவகாரமாக முடிய வேண்டியது குற்ற வழக்காக மாறிவிடும்.

யாருக்காவது சிறு காயம் என்றாலும் முதலில் 108. மின்கம்பத்தில் மோதியிருந்தால், கம்பி அறுந்து வண்டிமேல் கிடக்கிறதா என்று உள்ளிருந்தே பாருங்கள். கிடந்தால் இறங்காமல் மின்வாரியத்தின் ‘மின்னகம்’ எண்ணான 94987 94987ஐ அழைத்து, மின்சாரம் துண்டிக்கப்பட்டதை உறுதி செய்த பிறகே கதவைத் திறக்க வேண்டும்.

பிறகு படங்கள். வண்டிகளை நகர்த்தும் முன் நான்கு பக்கமும் எடுங்கள். சேதத்தை மட்டும் நெருக்கமாக எடுத்தால் போதாது. சாலையின் அகலம், மற்ற வண்டி நின்ற இடம், அங்கே நிறுத்தக் கூடாது என்ற பலகை இருந்தால் அதுவும் படத்தில் வர வேண்டும். வளைவில் பாதிச் சாலையை அடைத்து நிறுத்தப்பட்ட கார் என்றால் தவறில் அவருக்கும் பங்கு உண்டு என்று வாதிட முடியும். அந்த அளவுக்கு இழப்பீடும் குறையும். அந்தக் காரில் ஏற்கெனவே இருந்த கீறல்களையும் எடுத்து வையுங்கள்.

படி 4: எழுதிக் கொடுக்காதீர்கள்

இதைத்தான் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வேன். எல்லா மோட்டார் பாலிசிகளிலும் ஒரு நிபந்தனை உண்டு: நிறுவனத்தின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல், காப்பீடு பெற்றவரோ அவர் சார்பில் வேறு யாருமோ பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்களிக்கவோ கூடாது. மொய்க் கவரில் போட்ட கையெழுத்து இந்த நிபந்தனையைத்தான் மீறியது. அவர் பணத்தையும் கட்டிவிட்டு ரசீதோடு நிறுவனத்திடம் போனபோது, எங்களைக் கேட்காமல் நீங்கள் கொடுத்த வாக்குக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று சொல்லிவிட்டார்கள்.

மனிதத் தன்மையோடு நடந்துகொள்ள எந்த நிபந்தனையும் தடையல்ல. “உங்கள் கார் இப்படி ஆனதற்கு வருத்தப்படுகிறோம். இன்ஷூரன்ஸ் இருக்கிறது, இன்றே தகவல் கொடுத்துவிடுகிறோம். இதோ என் பெயர், முகவரி, பாலிசி எண்” என்று சொல்லுங்கள். பெயர், முகவரி, வண்டி எண், நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றைக் கொடுப்பது தகவல். அது ஒப்புதல் ஆகாது.

எதிர்த்தரப்பு கோபத்தில் ஆர்.சி.யையோ சாவியையோ பிடுங்கி வைத்துக்கொண்டால் வாக்குவாதம் செய்யாமல் 100 அல்லது 112ஐ அழையுங்கள். வண்டியைப் பணயமாகப் பிடித்து வைக்க எந்தத் தனிநபருக்கும் உரிமை கிடையாது.

பதினெட்டு நிரம்பாத பிள்ளையிடம் கையெழுத்து வாங்கியிருந்தால்? 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி மைனர் ஒப்பந்தம் செய்யத் தகுதியில்லாதவர். அந்தத் தாளை வைத்து அந்தத் தொகையைக் கேட்க முடியாது. சேதத்துக்கான பொறுப்பு அதனால் மறைந்துவிடாது, அது வேறு வழியில் உரிமையாளரிடம் வரும்.

படி 5: 24 மணி நேரத்துக்குள் இரண்டு தகவல்கள்

ஒன்று, அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு. சம்பவ இடத்துக்குப் போலீஸ் வராவிட்டால், கூடிய விரைவில், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். புகாரைப் பெற்றதற்கு சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தொகை பெரியது என்றால் எஃப்.ஐ.ஆர். இருப்பது இருதரப்புக்கும் பின்னால் உதவும்.

இரண்டாவது, இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்துமூலமாக. தொலைபேசியில் சொன்னதோடு விட்டுவிடாமல் மின்னஞ்சலும் அனுப்புங்கள். நான் எழுதிக் கொடுக்கும் வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“என் பெயரில் பதிவான இந்த எண்ணுள்ள கார், இன்ன தேதி, இன்ன நேரத்தில், இன்ன இடத்தில் நின்றிருந்த இன்ன எண்ணுள்ள காரோடு மோதியது. ஓட்டியவர் என் மகன். உரிமத்தின் நகல் இணைப்பில் உள்ளது. மூன்றாம் நபரின் சொத்துக்குச் சேதம் ஏற்பட்டுள்ளது. எவ்வித வாக்குறுதியும் கொடுக்கவில்லை. பழுதுபார்க்கும் முன் சேதத்தை மதிப்பிட சர்வேயரை அனுப்பக் கோருகிறேன். சமரசம் செய்ய வேண்டியிருந்தால் உங்கள் ஒப்புதலை எழுத்துமூலம் தெரிவியுங்கள்.”

யார் தவறு என்ற பேச்சே அதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஓட்டியவர் யார் என்பதில் மட்டும் பொய் சொல்லிவிடாதீர்கள். உரிமம் இல்லாத தம்பி ஓட்டியதை, உரிமம் உள்ள அண்ணன் ஓட்டியதாக எழுதச் சொல்பவர்கள் எப்போதும் அருகில் இருப்பார்கள். கேமரா பதிவு வந்ததும் அது மோசடியாகிவிடும்.

படி 6: தொகையைச் சோதியுங்கள்

விலை உயர்ந்த கார்களில் பம்பர் என்பது வெறும் பிளாஸ்டிக் அல்ல. அதன் பின்னால் உணரிகள், கேமரா, சில கார்களில் ரேடார் இருக்கின்றன. விளக்கில் ஒரு பிடிமானம் உடைந்தாலும் தனியாக அதை மட்டும் தராமல், விளக்கையே முழு அலகாக மாற்றச் சொல்வார்கள். மாற்றிய பிறகு உணரிகளைச் சீரமைக்கத் தனிக் கட்டணம். எனவே லட்சக் கணக்கில் வருவது ஏமாற்று என்று எடுத்த எடுப்பில் சொல்ல முடியாது.

ஆனால் வரி வரியாகக் கேட்பது உங்கள் உரிமை. உதிரிபாகம், கூலி, பெயின்ட், வரி எனப் பிரித்த மதிப்பீடு வேண்டும் என்று கேளுங்கள். எந்தப் பாகத்தைப் பழுதுபார்க்கலாம், எதை மாற்றியே ஆக வேண்டும் என்று சர்வேயர் பார்க்க வேண்டும். இடித்தது இடது மூலை என்றால், பட்டியலில் வலது கதவு ஏன் வந்தது? நம் வழக்கில் அப்படி ஒரு வரி இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்ட அப்பாவுக்கு அதைக் கேட்கவும் துணிச்சல் வரவில்லை.

கம்பம், சாலைத் தடுப்பு, சிக்னல் போன்ற அரசுச் சொத்து என்றால் அந்தத் துறையே மதிப்பிட்டு நோட்டீஸ் அனுப்பும். நோட்டீஸ் வந்த அன்றே இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு அதை அனுப்பிவிடுங்கள்.

படி 7: பணம் எந்த வழியில் போகிறது

பல நேரங்களில் சேதமடைந்த கார்க்காரர், தன் வண்டியின் சேதத்துக்கும் சேர்த்து எடுக்கும் முழுக் காப்பீடு வைத்திருப்பார். தன் நிறுவனத்திடமே கோரிக்கை வைத்துக் காரைச் சரிசெய்துகொள்வதுதான் அவருக்கு விரைவான வழி. அப்படிச் செய்தால் அவர் கைநஷ்டம், நிறுவனம் கழித்துக்கொண்ட தொகையும், கோரிக்கை வைக்காததற்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான போனஸை இழப்பதும் மட்டுமே. அவருடைய நிறுவனம் கொடுத்த தொகையை உங்கள் தரப்பிடம் திரும்பக் கேட்கலாம். ஒரே சேதத்துக்கு அவர் இரண்டு இடத்தில் பணம் வாங்க முடியாது. எனவே உங்களிடம் முழுத் தொகையும் கேட்கும்போது, சொந்தப் பாலிசியில் கோரிக்கை வைத்திருக்கிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அவர் உங்கள் பாலிசியிலிருந்துதான் வேண்டும் என்றால், அதற்கான இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றம் இந்தப் பணியைச் செய்கிறது. மாவட்டங்களில் அதற்கென அதிகாரம் பெற்ற நீதிமன்றங்கள். சொத்துச் சேதம் 2,000 ரூபாய்க்கு மேல் என்றால் அவர் விரும்பினால் சிவில் நீதிமன்றத்துக்கும் போகலாம். தீர்ப்பாயத்தில் மனுப் போட ஆறு மாதக் கெடு உண்டு. சொத்துச் சேதத்தில் தவறு யாருடையது என்பதை நிரூபித்தே ஆக வேண்டும். படி 3இல் எடுத்த படங்கள் பேசப்போவது இங்கேதான்.

தீர்ப்பாயம் நிர்ணயிக்கும் தொகை 7.5 லட்சத்துக்குள் என்றால் நிறுவனம் கொடுக்கும். மீறினால் மேலதிகத் தொகையை ஓட்டியவரும் உரிமையாளரும் ஏற்க வேண்டும். உரிமையாளர் என்றால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர். வண்டியை விற்றுவிட்டேன், பெயர் மாற்றவில்லை என்று சொன்னால் எடுபடாது. உச்ச நீதிமன்றம் 2018இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சம்மன் வந்தால் அன்றே நிறுவனத்துக்கு அனுப்புங்கள், நீங்களும் ஆஜராகுங்கள். உரிமத்தில் குறை இருக்கிறது என்று நிறுவனம் வாதிடப் போகிறது என்றால், அதன் வழக்கறிஞர் உங்களுக்காகப் பேசமாட்டார். தனி வழக்கறிஞர் வைத்துக்கொள்ளுங்கள். இருதரப்பும் இறங்கிவரத் தயார் என்றால் லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றம் நல்ல வழி. அங்கே முடிந்தது முடிந்ததுதான், மேல்முறையீடு இல்லை.

18 வயதுக்குக் குறைந்தவர் ஓட்டியிருந்தால்

பாலிசி இருப்பதாலேயே தப்பித்துவிட முடியாது. நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்ற உத்தரவு இத்தகைய வழக்குகளில் வருவதுண்டு. மைனர் ஓட்டிய மோட்டார் சைக்கிள் பற்றிய ஒரு வழக்கில், வசூலிக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2011இல் உறுதிசெய்தது. நிறுவனம் முதலில் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், கடைசியில் பணம் உங்கள் வீட்டிலிருந்துதான் போகும். உங்கள் சொந்த வண்டியின் சேதத்துக்கும் எதுவும் கிடைக்காது.

2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவு அதைவிடக் கடுமையானது. பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளர் குற்றவாளியாகவே கருதப்படுவார்: மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயதுவரை உரிமம் கிடையாது. தனக்குத் தெரியாமல் நடந்தது, தடுக்க உரிய கவனம் எடுத்தேன் என்று நிரூபிப்பது பெற்றோரின் பொறுப்பு. சாவியை வாசல் ஆணியில் மாட்டி வைத்துவிட்டு அதை நிரூபிப்பது எளிதல்ல.

அடிக்கடி வரும் மூன்று சிக்கல்கள்

சொந்த வீட்டு கேட், சுற்றுச்சுவர், வீட்டில் நிற்கும் அப்பாவின் இன்னொரு கார் ஆகியவை மூன்றாம் நபர் சொத்தில் சேராது. காப்பீடு பெற்றவருக்குச் சொந்தமானதும் அவர் பொறுப்பில் இருப்பதும் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே. இடித்த காரின் சேதத்துக்கு மட்டும் முழுக் காப்பீட்டில் கேட்கலாம்.

நண்பனின் காரை இரவல் வாங்கி ஓட்டியபோது இடித்தால், அடுத்தவருக்கான இழப்பீடு நண்பனின் பாலிசியிலிருந்து வரும். நண்பனின் காரைச் சரிசெய்வதும் அவன் முழுக் காப்பீட்டில் வரும், உங்கள் பிள்ளையிடம் உரிமம் இருந்தால். ஆனால் அவன் போனஸ் போய்விடும். அதை ஈடுசெய்வதுதான் முறை.

உங்கள் சொந்தக் காரின் சிறு சேதத்துக்குக் கோரிக்கை வைப்பதா? கணக்குப் போடுங்கள். பம்பர் 5,000 ரூபாய் என்றால், பிளாஸ்டிக்குக்குப் பாதி தேய்மானம் போக 2,500. நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 போக 1,500 கிடைக்கும். சொந்தச் சேதப் பிரீமியம் 12,000, போனஸ் 35 சதவீதம் என்றால் அடுத்த ஆண்டு இழப்பது 4,200. இதற்குக் கையிலிருந்து செலவழிப்பதே மேல். தேய்மானம் கழிக்காத ‘பம்பர் டு பம்பர்’ பாலிசி என்றால் கணக்கு மாறும், அதற்கேற்பப் பாருங்கள். அடுத்தவருக்குக் கொடுக்கும் இழப்பீட்டால் இந்தப் போனஸ் குறையாது.

படி 8: சமரசம் செய்வதானால்

யாருக்கும் காயமில்லை, தொகையும் சிறியது என்றால் கையிலிருந்து கொடுத்து முடித்துக்கொள்ளலாம். காயம் இருந்தால் அந்த யோசனையே வேண்டாம். கொடுக்கும் பணத்தை நபரிடம் ரொக்கமாகக் கொடுக்காமல் சர்வீஸ் நிலையத்தின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். தேதி, இடம், இரண்டு வண்டி எண்கள், தொகை, ‘இந்தச் சம்பவம் தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி, இரு உரிமையாளர்களின் கையெழுத்து, இரண்டு சாட்சிகள் இருக்க வேண்டும். புகார் பதிவாகியிருந்தால் நிலையத்திலும் ஒரு நகல் கொடுங்கள்.

உங்கள் சொந்தச் சேதக் கோரிக்கையை நிறுவனம் நிராகரித்தால், முதலில் அதன் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்) அலுவலகத்துக்குப் போகலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. நிராகரித்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும்.

தில்லை நகர்க்காரர் அந்த 4,80,000 ரூபாய்க்காக வங்கியில் நகைக்கடன் வாங்கினார். மகன் வேலைக்குச் சேர்ந்து வட்டியைக் கட்டிவருகிறான். காரின் டேஷ்போர்டுப் பெட்டியில் இப்போது பாலிசி நகலோடு ஒரு வெள்ளைத் தாளும் இருக்கிறது. அதில் அவனே எழுதி வைத்திருக்கிறான்: நிறுத்து, படம் எடு, அப்பாவைக் கூப்பிடு, கையெழுத்துப் போடாதே.